மறைபேழையும் நண்பர் இல்லமும்

பயணத்தின் பயன் யாது என வினவினால், புதிய இடங்களைக் காண்பது என்பர் சிலர். பழகிய மனிதரைக் காண்பது என்பர் வேறு சிலர். இவ்விரண்டையும் ஒருங்கே இணைக்கும் பயணமுறை ஒன்று அமெரிக்க ஐக்கிய நாடுகளில் வழக்கில் உள்ளது. வீட்டையே ஊர்தியாக்கிக்கொண்டு, வழியில் ஒளித்துவைக்கப்பட்ட பேழைகளைத் தேடியும், தொலைவில் வாழும் நண்பர்களைக் கண்டும் செல்வதே அம்முறை. வெறும் பொழுதுபோக்கு எனத் தோன்றும் இதனைத் தாங்கி நிற்கும் பண்பு யாது என்பதை ஈண்டுக் காண்போம்.

நடமாடும் இல்லம்

ஆர்.வி. என அமெரிக்கர் சுருக்கமாக வழங்கும் இவ்வூர்தி தானே ஓடுவதும் உண்டு. வேறொரு வண்டியால் இழுத்துச் செல்லப்படுவதும் உண்டு. படுக்கை, அடுக்களை, கழிப்பறை ஆகியன உள்ளேயே அமைந்திருக்கும். பணி ஓய்வு பெற்றோர் பலர் இதில் மாதக்கணக்கில் பயணம் செய்கின்றனர். நெடுஞ்சாலையில் நாள் முழுதும் அமர்ந்து செல்வோர்க்குச் சோர்வும் சலிப்பும் இயல்பு. வண்டியை நிறுத்திச் சற்றே நடக்க அவர்களுக்கு ஒரு காரணம் வேண்டும். அக்காரணத்தைத் தருவதே ‘ஜியோகேஷிங்’ எனும் தேடல் விளையாட்டு. இதில் ஒளித்துவைக்கப்படும் கொள்கலத்தை நாம் ‘மறைபேழை’ எனக் குறிப்போம்.

தோற்றமும் வளர்ச்சியும்

ஜி.பி.எஸ். என்பது அமெரிக்கப் படைத்துறை அமைத்த இடங்காட்டி முறையாகும். ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றிவரும் செயற்கைக்கோள்களுள் குறைந்தது நான்கின் சைகைகளைக் கொண்டு, நாம் நிற்கும் இடத்தைக் கருவி கணக்கிடுகிறது. பொதுமக்களுக்கான சைகையில் முன்னர் வேண்டுமென்றே பிழை புகுத்தப்பட்டிருந்தது. அதனால் காட்டும் இடம் 100 மீட்டர் வரை விலகி நின்றது. 2000 மே 1 அன்று அதிபர் கிளிண்டன் அப்பிழை நீக்கப்படும் என அறிவித்தார். மே 3 அன்று டேவ் அல்மர் என்பார் ஒரிகன் மாநிலத்துப் பீவர்கிரீக் அருகே ஒரு வாளியை ஒளித்துவைத்து, அதன் இருப்பிட எண்களை இணையத்தில் வெளியிட்டார். நூல்கள், கவண், பீன்ஸ் அடைத்த டப்பா முதலியன அதனுள் இருந்தன. மூன்று நாட்களுக்குள் இருவர் அதனைக் கண்டறிந்தனர். இன்று உலகெங்கும் முப்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட மறைபேழைகள் உள்ளன.

விளையாட்டின் நெறிகள்

கருவி நம்மைச் சில மீட்டர் தொலைவுக்குள் கொண்டு நிறுத்தும். அதன்பின் கல்லிடுக்கிலும் மரப்பொந்திலும் தேட வேண்டியவை நம் கண்களே. கண்டவர் உள்ளிருக்கும் குறிப்பேட்டில் பெயரும் நாளும் எழுதுவார். ஒரு பொருளை எடுத்தால் அதற்கு ஈடான அல்லது மேலான ஒன்றை வைப்பார். பேழையை இருந்தவாறே மறைத்துத் திரும்புவார். விலங்குகள் மணமறிந்து சிதைக்கும் ஆதலால், இன்று உணவுப் பொருள் வைத்தல் கூடாது. மண்ணைத் தோண்டிப் புதைத்தலும் கூடாது. நிலத்துக்கு உரியவரின் இசைவு வேண்டும். அந்நாட்டுத் தேசியப் பூங்காக்களில் இசைவின்றிப் பேழை வைக்க இயலாது. 2004 முதல், பேழையே இல்லாமல், பாறை, அருவி போன்றவற்றின் நிலவியல் செய்தியைக் கற்றுத் திரும்பும் முறையும் வழக்கில் உள்ளது.

பேழைகளுட் பலவற்றுக்குப் பூட்டு இல்லை. எவற்றுக்கும் காவலர் இல்லை. முகமறியாத ஒருவர் வைத்ததை, முகமறியாத மற்றொருவர் பின்வருவோர்க்காகக் காத்து வைக்கிறார். எவரும் காணாத இடத்திலும் நேர்மை தவறாமையே இவ்விளையாட்டின் அடித்தளம்.

நண்பர் இல்லத்தில்

இனி, நண்பரைக் காணச் செல்வதை நோக்குவோம். நண்பரின் வாயில் வரை கருவி வழிகாட்டும். அவ்வாயிலில் நடந்துகொள்ளும் முறையை அது காட்டாது. பத்து மீட்டர் நீளமுள்ள வண்டி அவர் வீட்டு முன்பாதையில் அடங்குமா? தாழ்ந்த கிளையும் மின்கம்பியும் இடிக்குமா? தெருவிலோ முன்பாதையிலோ ஆர்.வி. நிறுத்துவதைத் தடுக்கும் ஊர்களும் குடியிருப்புகளும் அங்கு உண்டு. விருந்தினர் சென்றபின் அண்டை வீட்டாரின் முகவாட்டத்தைத் தாங்க வேண்டியவர் நண்பரே. வீட்டு மின்செருகி பொதுவாக 15 அல்லது 20 ஆம்பியர் மட்டுமே தரும். பெரிய வண்டிகளோ 30 அல்லது 50 ஆம்பியருக்கென அமைந்தவை. வண்டியின் குளிர்பதனக் கருவியை அதில் இயக்கினால் வீட்டின் மின்னோட்டமே தடைபடக்கூடும். கழிவுத் தொட்டியை அதற்கென அமைந்த நிலையத்தில் முன்னரே காலி செய்து வருதல் கடன்.

அன்பினால் அழைப்பவர் இடர்ப்பாட்டை வாய்விட்டு உரைக்க மாட்டார். ஆகவே வினவ வேண்டியவர் விருந்தினரே. வண்டியின் நீளத்தையும், தங்கும் நாளையும், புறப்படும் நாளையும் முன்கூட்டியே அறிவித்தால் நட்புக்கு ஊறு நேராது.

தங்கிய நாட்களில் நண்பரையும் அவர் பிள்ளைகளையும் உடனழைத்துப் பேழை தேடச் செல்வோர் உண்டு. பல்லாண்டு கடந்து சென்ற பூங்காவின் மூலையில் ஒரு பேழை இருந்ததை நண்பர் அன்றுதான் அறிகிறார். விருந்தாக வந்தவர், வீட்டாருக்கு அவர்தம் ஊரையே புதிதாகக் காட்டுகிறார்.

நிறைவாக

விட்டுச் செல்லும் இடத்தைப் பின்வருவோர்க்காகப் பேணுதல் என்னும் ஒரே நெறி, மறைபேழைக்கும் நண்பர் இல்லத்துக்கும் பொதுவானது. பேழையைச் சிதைத்தவர்க்குப்பின் தேடி வருவோர் ஏமாறுவர். நண்பரை வருத்தியவர்க்கு அவ்வாயில் மீண்டும் திறத்தல் அரிது. இடத்தை அறிவியல் காட்டும். அங்கு நடந்துகொள்ளும் முறையைப் பண்பே காட்டும். பயணம் மேற்கொள்ளும் இளைஞர் இதனை உளங்கொள்வாராக.