மேடையிலிருந்து தொலைக்காட்சிக்கு: ஆள்மாறாட்ட நகைச்சுவை நாடகம்

ஆள்மாறாட்டத்தால் விளையும் நகைச்சுவைக்கு ஷேக்ஸ்பியரின் 'தி காமெடி ஆஃப் எர்ரர்ஸ்' சிறந்த சான்றாகும். 1594இல் இலண்டனில் நடிக்கப்பெற்ற இந்நாடகம் உரோமானிய நாடகாசிரியர் பிளாட்டஸின் கதையைத் தழுவியது. பிளாட்டஸ் படைத்த இரட்டையரோடு, பணியாளராகிய மற்றோர் இரட்டையரையும் ஷேக்ஸ்பியர் சேர்த்தார். இதனைத் தொலைக்காட்சிக்கு ஆக்குங்கால் எழும் மூன்று சிக்கல்களை நாம் இங்கு நோக்குவோம்.

முதலாவது, தோற்றம். மேடையில் இருவேறு நடிகர் ஒரேவகை ஆடையில் தோன்றினால், அவையோர் அவர்களை இரட்டையராக ஏற்பர். எனினும் இன்னார் யார் என அறிந்தேயிருப்பர். பாத்திரங்கள் அறியாததை அவையோர் அறிவதே சிரிப்பின் ஊற்று. தொலைக்காட்சியின் அண்மைக்காட்சியோ முகவேறுபாட்டைக் காட்டிக்கொடுக்கிறது. ஆகவே, 1983இல் பிபிசி ஒளிபரப்பிய படைப்பில் மைக்கேல் கிச்சன் தலைவர் இருவராகவும், ரோஜர் டால்ட்ரி பணியாளர் இருவராகவும் நடித்தனர். குல்சாரின் 'அங்கூர்' (1982) என்னும் இந்தித் திரைப்படமும் இவ்வழியையே மேற்கொண்டது. தமிழ்த் திரையுலகிற்கும் 'உத்தமபுத்திரன்' (1940) முதல் இரட்டை வேடம் பழக்கமானதே.

ஆயினும், முகம் ஒன்றானால் காண்போரும் குழம்புவர். அவர்களுக்கு மட்டும் புலப்படும் சிற்றடையாளம் தேவை. நம் நாட்டில் அதற்குப் பேச்சே துணையாகும். கெடாவில் வளர்ந்தவன் 'பாசார்' என்பான். தமிழகத்தில் வளர்ந்தவன் 'சந்தை' என்பான். சினத்திலிருக்கும் மனைவி இதனைக் கவனியாள்; காண்போர் கவனிப்பர்.

இரண்டாவது, அடி. மூலத்தில் பணியாளர் ஓயாது அடிபடுகின்றனர். தொலைவிலிருந்து காணுங்கால் அது விளையாட்டு. அண்மைக்காட்சியில் வலியே தெரியும். கங்காணி, தண்டல் ஆகியோரின் அதட்டலைக் கேட்டு வாழ்ந்தோரின் வழித்தோன்றல்கள் சுங்கை லாலாங், பீடோங் வட்டாரங்களில் வாழ்கின்றனர். அவர்கள் இதற்குச் சிரிப்பார்கள் எனக் கொள்ள இயலாது. அடியைச் சொல்லடியாக மாற்றுதலே தக்கது.

மூன்றாவது, தொடக்கம். கப்பல் உடைந்து குடும்பத்தைப் பிரிந்த முதியவர் ஈஜியன், மாலைக்குள் தண்டப்பணம் செலுத்தாவிடில் கொல்லப்படுவார். அவரது நெடிய உரையை நேரம் கருதி நீக்கத் தோன்றும். நீக்கினால், இறுதியில் குடும்பம் கூடுவது வெறும் முடிச்சவிழ்ப்பாகிவிடும். பிபிசி படைப்பு தரையில் வரைந்த நிலப்படத்தின்மீது ஊமக்கூத்தாக அவ்வுரையைக் காட்டிற்று. 1970களின் தொடக்கம்வரை 'ரஜூலா' கப்பல் தமிழகத்திற்கும் பினாங்கிற்கும் இடையே மக்களை ஏற்றிச் சென்றது. அக்கரையில் ஒரு பிள்ளையையும் இக்கரையில் ஒரு பிள்ளையையும் கொண்ட குடும்பங்கள் நமக்குப் புதியன அல்ல.

எனவே, முகங்களை ஒன்றாக்குதல் கருவியின் பணி. பிரிவின் துயரைக் காத்தலே தழுவுவோரின் கடமை எனலாம்.