திருட்டு நடந்தா முதல்ல அந்தத் தெருவுக்குத்தான் போலீஸ் வரணுமா? 18 வயசுக்குள்ள பையனைப் பிடிச்சா சட்டம் என்ன சொல்லுது?

கும்பகோணத்தில் ஒரு கடையில் செல்போன் திருடு போகிறது என்று வைத்துக்கொள்வோம். அன்று ராத்திரியே குறவர் குடியிருப்புக்கு ஜீப் வருகிறது. "சும்மா விசாரிக்கத்தான், காலையில விட்டுடுவோம்" என்று 16 வயசுப் பையனை ஏற்றிக்கொண்டு போகிறார்கள். இது சரியா?

ஏன் அந்தத் தெரு?

1871-ல் ஆங்கிலேயர் கொண்டுவந்த குற்றப்பரம்பரைச் சட்டம், சில சமூகங்களைப் பிறப்பிலேயே குற்றவாளிகள் என்றது. சென்னை மாகாணத்தில் குறவர்களும் அதில் சிக்கினார்கள். 1952-ல் சட்டம் ஒழிந்தது, சந்தேகம் ஒழியவில்லை. 1993-ல் திருட்டு வழக்கில் பிடிக்கப்பட்ட ராஜாகண்ணு போலீஸ் காவலில் அடித்துக் கொல்லப்பட்டார். 'ஜெய் பீம்' படம் சொன்னது அந்தக் கதைதான். சீர்மரபினரை போலீஸ் இஷ்டத்துக்குக் கைது செய்யக் கூடாது என்று 2024 அக்டோபர் 3-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

18 வயதுக்குள் என்றால்?

2015 இளைஞர் நீதிச் சட்டமும் அதன் விதிகளும் சொல்வது இதுதான்:

* லாக்கப்பில் வைக்கக் கூடாது. விலங்கு மாட்டக் கூடாது.
* பெற்றோருக்கு உடனே தகவல் சொல்ல வேண்டும்.
* பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும்.
* பெரியவர்களோடு சேர்ந்து செய்ததாகவோ, கொடிய குற்றம் என்றோ புகார் இருந்தால்தான் எஃப்.ஐ.ஆர். செல்போன் திருட்டு போன்ற சின்ன வழக்கில் காவல் நிலைய நாட்குறிப்பில் எழுதினால் போதும்.
* ஜாமீன்தான் பொது விதி. மறுத்தால் காரணத்தை எழுத வேண்டும்.

மீறினால் என்ன ஆகும்?

பேட்டரி திருடியதாகப் பிடிக்கப்பட்ட 17 வயசுச் சிறுவன், 2022 டிசம்பர் 31-ல் செங்கல்பட்டு கூர்நோக்கு இல்லத்தில் இறந்துபோனான். அடித்ததாக இல்ல ஊழியர்கள் 6 பேர் கைதானார்கள். அதன் பிறகு இந்த இல்லங்களைச் சீர்திருத்த நீதிபதி சந்துரு தலைமையில் ஒருநபர் குழு போடப்பட்டது.

பெற்றோர் என்ன செய்யலாம்?

பிறப்புச் சான்றிதழ் அல்லது பள்ளிச் சான்றிதழை உடனே எடுத்துக்கொண்டு போங்க. வயதுதான் முதல் பாதுகாப்பு. எந்த ஸ்டேஷன், எத்தனை மணிக்குக் கூட்டிட்டுப் போனாங்க என்று குறித்துவையுங்கள். குழந்தைகளுக்கான உதவி எண் 1098. இலவச வக்கீலுக்கு 15100.

"காலையில விட்டுடுவாங்க" என்று காத்திருக்க வேண்டாம். அன்று ராத்திரியே கேளுங்கள்.