கோணல் நிலத்தின் சுற்றளவும் விஸ்தீரணமும்

நிலத்தின் நான்கு பக்கங்களையும் கயிறு பிடித்து அளந்து, எதிரெதிர்ப் பக்கங்களைக் கூட்டிப் பாதியாக்கி, அவ்விரு பாதிகளையும் பெருக்கி விஸ்தீரணம் சொல்லும் வழக்கம் கிராமங்களில் நெடுநாளாக இருந்து வருகிறது. நான்கு மூலைகளும் மூலைமட்டத்திற்குச் சரியாக அமைந்த நிலத்திற்கு இக்கணக்குப் பொருந்தும். கோணலான நிலத்திற்கோ இது எப்பொழுதும் உள்ளதற்கு மேற்பட்ட அளவையே காட்டும். ஒருபோதும் குறைத்துக் காட்டாது. ஆகவே இவ்வழக்கத்தால் நஷ்டமடைபவர் வாங்குகிறவரே. விற்கிறவர் இதைக் குறை கூறாதிருப்பதில் ஆச்சரியமில்லை.

இதன் காரணத்தை வீட்டிலுள்ள கட்டிலைக் கொண்டே அறியலாம். மூட்டுத் தளர்ந்து கட்டில் ஒரு பக்கமாய்ச் சாயும்போது, நான்கு சட்டங்களின் நீளமும் மாறுவதில்லை. உள்ளேயுள்ள இடம் மட்டும் குறைகிறது. பக்கங்களின் நீளம் ஒன்றே விஸ்தீரணத்தைத் தீர்மானிப்பதில்லை என்பது இதனால் விளங்கும்.

மதுரைக்கு வடமேற்கே திண்டுக்கல் சாலையிலுள்ள விளாங்குடி, 2011ஆம் வருஷத்தில் மதுரை மாநகராட்சியோடு சேர்க்கப்பட்டது. இத்தகைய ஊர்களில் வயல்கள் மனைகளாக மாறுந்தோறும் ஏக்கர்க் கணக்குப் போய்ச் சென்ட் கணக்கும், அதுவும் போய்ச் சதுர அடிக் கணக்கும் வந்துவிடுகின்றன. ஒரு சென்ட் என்பது 435.6 சதுர அடி; சிறு வீடொன்று கட்டுவதற்குப் போதுமான இடம். முன்பு ஏக்கரில் அரைக்கால் பிசகினாலும் பொறுத்துக்கொண்டவர்கள் இன்று ஒரு சென்ட்டிற்கும் வழக்காட வேண்டியவர்களாகிறார்கள்.

விளக்கத்திற்காக ஒரு நிலத்தை எடுத்துக்கொள்வோம். மேற்குப் பக்கம் 150 அடி, வடக்கு 200 அடி, கிழக்கு 120 அடி, தெற்கு 170 அடி. பழைய வழக்கப்படி 135ஐ 185ஆல் பெருக்க 24,975 சதுர அடி, அதாவது 57 சென்ட்டிற்குச் சற்று அதிகம் என்று வரும். இப்பொழுது தென்மேற்கு மூலையிலிருந்து வடகிழக்கு மூலைக்குக் குறுக்கே ஒரு கயிற்றை இழுத்துக் கட்டி அளந்தால் 250 அடி இருக்கிறது. நிலம் இரண்டு முக்கோணங்களாகப் பிரிந்துவிட்டது. குறுக்குக் கயிற்றிலிருந்து வடமேற்கு மூலை 120 அடி தூரத்திலும், தென்கிழக்கு மூலை 72 அடி தூரத்திலும் உள்ளன. நீளத்தைத் தூரத்தால் பெருக்கிப் பாதியாக்க, ஒரு முக்கோணம் 15,000 சதுர அடி. மற்றொன்று 9,000 சதுர அடி. ஆக 24,000 சதுர அடி, அதாவது 55 சென்ட். முன் சொன்ன கணக்கில் ஏறத்தாழ இரண்டேகால் சென்ட் வெறுங்காற்றுக்கு விலை கொடுத்ததாகும்.

இம்முறையில் ஒன்றே ஒன்றைக் கவனிக்க வேண்டும். மூலைக்கும் கயிற்றுக்கும் உள்ள தூரம் நேர்செங்குத்தாக அளக்கப்பட வேண்டும். சாய்த்து அளந்தால் மறுபடியும் விஸ்தீரணம் ஏறிவிடும். மூலையில் டேப்பின் ஒரு நுனியை நிறுத்தி, மறுநுனியைக் குறுக்குக் கயிற்றின் மேல் இப்புறமும் அப்புறமும் நகர்த்திப் பார்க்க, எவ்விடத்தில் அளவு மிகக் குறைவாக வருகிறதோ அதுவே செங்குத்துத் தூரம். 3, 4, 5 முழங்களில் முடிச்சிட்ட பன்னிரண்டு முழக் கயிற்றை முக்கோணமாக இழுத்துப் பிடித்தும் செங்கோணத்தைச் சோதிக்கலாம்.

இனிச் சுற்றளவு. விஸ்தீரணங்களைக் கூட்டியதுபோல் இரு முக்கோணங்களின் சுற்றளவுகளையும் கூட்டிவிட்டால் 600ம் 540ம் சேர்ந்து 1,140 அடி வரும். இது தவறு, நடுவிலுள்ள 250 அடிக் கோடு இரு தடவை சேர்ந்துவிட்டது. அங்கே யாரும் வேலி போடுவதில்லை. வெளிப்பக்கங்கள் மட்டும் 640 அடி. நான்கு வரிசை முள்கம்பி கட்டுவதானால் 2,560 அடிக் கம்பி போதும்.

கிழக்குப் பக்கத்தில் வாய்க்கால் ஒன்று நிலத்திற்குள் வளைந்து ஓடுவதாக வைத்துக்கொள்வோம். மூலைக்கு மூலை 120 அடிக் கயிறு கட்டி, 30 அடிக்கு ஒருமுறை கயிற்றுக்கும் கரைக்கும் உள்ள தூரத்தை அளக்க 8, 12, 8 அடி என்று கிடைக்கின்றன. இரு நுனிகளிலும் தூரமில்லை. இவற்றின் கூட்டுத்தொகை 28. அதை 30ஆல் பெருக்க 840 சதுர அடி. இதைக் கழித்தால் மிஞ்சுவது 23,160 சதுர அடி, 53 சென்ட். கரையை ஒட்டி அளந்தாலோ 123 அடி வருகிறது. வேலி மூன்றடி நீண்டது. நிலமோ ஏறக்குறைய இரண்டு சென்ட் குறைந்தது! சுற்றளவைக் கொண்டு நிலத்தை மதிப்பிடுவோர் இதைச் சற்றே யோசிப்பாராக.

நிலத்தில் வட்டக் கிணறு இருப்பின் அதன் பரப்பைக் காணும் வழி நமக்குப் புதிதன்று. சுற்றளவில் பாதியை விட்டத்தில் பாதியால் பெருக்க வேண்டுமென்று காரிநாயனாரின் கணக்கதிகாரம் கூறுகிறது. சுற்று 44 அடியானால் விட்டம் 14 அடி. 22ஐ 7ஆல் பெருக்க 154 சதுர அடி. கிரயத்தில் இதைக் கழிப்பதில்லை, கிணறும் நிலத்தோடு சேர்ந்ததே. சாகுபடிப் பரப்புக்கு மட்டும் கழிக்க வேண்டும். பயிர்க் கடன் ஏக்கர்க் கணக்கில் நிர்ணயிக்கப்படுவதால், சங்கத்தில் மனுக் கொடுக்கும் அங்கத்தினர் இதை அறிந்திருப்பது நலம்.

சர்வே இலாகாவின் புலப்படங்களும் குறுக்குக் கோடும் செங்குத்துத் தூரமும் கொண்டே வரையப்பட்டவை. புலப்படத்தை வருவாய்த் துறையின் மின்சேவை வழியாகவும் இப்போது பெறலாம். பட்டாவில் ஹெக்டேர், ஏர்க் கணக்கிலேயே விஸ்தீரணம் எழுதப்பட்டிருக்கும். ஓர் ஏர் என்பது 100 சதுர மீட்டர், அதாவது 2.47 சென்ட்; மேற்சொன்ன நிலம் ஏறக்குறைய இருபத்தொன்றரை ஏர். தாம் அளந்ததும் பட்டாவில் கண்டதும் ஒவ்வாவிடில், முன்பணம் கொடுப்பதற்கு முன்பே கட்டணம் செலுத்தி நிலத்தை அளந்து காட்டும்படி விண்ணப்பிக்க வேண்டும். எல்லைத் தகராறுகளை விசாரித்து எல்லையை நிர்ணயிக்கும் அதிகாரம் 1923ஆம் வருஷத்துச் சர்வே, எல்லைகள் சட்டத்தால் சர்வே அதிகாரிகளுக்கு அளிக்கப்பட்டுள்ளது. அளக்க வரும் நாளில் பக்கத்து நிலத்தாரும் உடனிருந்து எல்லைக்கற்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.