மாணவர் பரபரப்புத் திரைப்படம்

மாணவர் பரபரப்புத் திரைப்படம் என்பது திரைப்படக் கல்லூரி மாணவர்களோ பிற கல்லூரி மாணவர்களோ தம் பயிற்சியின் பகுதியாகவோ தனி முயற்சியாகவோ உருவாக்கும் திரில்லர் வகைத் திரைப்படம் ஆகும். குறைந்த நடிகர்கள், சில இடங்கள், இரவுக் காட்சிகள் ஆகியவற்றைக் கொண்டே எடுக்க இயலும் என்பதால் இவ்வகை மாணவர்களால் பெரிதும் விரும்பப்படுகின்றது. எனினும் கதையின் ஒரு கண்ணி பிசகினாலும் படம் முழுவதும் நம்பகத்தன்மையை இழக்கும். எனவே பிற வகைகளைக் காட்டிலும் இதற்கு முன்னாய்வும் திட்டமிடலும் கூடுதலாகத் தேவைப்படுகின்றன.

வகையின் இயல்பு

பரபரப்புத் திரைப்படம் திகில் திரைப்படத்திலிருந்து வேறுபட்டது. திகில் படம் அச்சத்தை முதன்மையாகக் கொள்ளும். பரபரப்புப் படம் அடுத்து என்ன நிகழும் என்னும் எதிர்பார்ப்பை முதன்மையாகக் கொள்ளும். ஆல்பிரட் ஹிட்ச்காக், பிரான்சுவா துருபோவுடனான நேர்காணலில் இதனை ஓர் எடுத்துக்காட்டின் மூலம் விளக்கினார். மேசைக்கு அடியில் இருக்கும் குண்டு திடீரென வெடித்தால் பார்வையாளருக்குச் சில நொடி அதிர்ச்சி மட்டுமே கிடைக்கும். குண்டு இருப்பதைப் பார்வையாளர் முன்னரே அறிந்து, மேசையில் இருப்போர் அறியாமல் பேசிக்கொண்டிருந்தால், அதே காட்சி பல நிமிடப் பதற்றமாக மாறும். யாருக்கு எது எப்போது தெரியும் என்பதே இவ்வகையின் அடிப்படை எனலாம்.

தமிழில் இவ்வகைக்கு நீண்ட மரபு உண்டு. எஸ். பாலச்சந்தர் இயக்கிய அந்த நாள் (1954) பாடல்கள் இன்றி, ஒரு கொலையைப் பலரது கூற்றுகள் வழியாக ஆராய்ந்தது. சிகப்பு ரோஜாக்கள் (1978), மூடுபனி (1980) ஆகியவை கொலையாளியின் மனநிலையை மையமாகக் கொண்டவை.

ஊமை விழிகள்

திரைப்படக் கல்லூரியில் பயின்றவர்கள் ஒரு குழுவாக உருவாக்கிய தமிழ்ப் பரபரப்புப் படங்களுள் முதன்மையானது ஊமை விழிகள் ஆகும். இது 1986 ஆகஸ்ட் 15 இல் வெளியானது. ஆபாவாணன் கதை, திரைக்கதை எழுதித் தயாரிக்க, அரவிந்த்ராஜ் இயக்கினார். மனோஜ்-கியான் இணையரும் ஆபாவாணனும் இசையமைத்தனர். சட்டம் ஒரு இருட்டறை (1981) மூலம் முன்னரே அறியப்பட்டிருந்த விசயகாந்த் காவல்துறை அதிகாரியாக நடித்தார். செயசங்கர், இரவிச்சந்திரன், சந்திரசேகர், அருண் பாண்டியன் ஆகியோரும் நடித்தனர். ஓர் உல்லாச விடுதிக்கு வரும் பெண்கள் காணாமற் போவதும், ஒரு நாளிதழும் காவல்துறையும் அதனைத் துப்பறிவதும் கதையாகும்.

இப்படம் சினிமாஸ்கோப் முறையில் எடுக்கப்பட்டது. இம்முறையில் படிமம் பக்கவாட்டில் ஒடுக்கப்பட்டுப் படச்சுருளில் பதியும். திரையிடும்போது சிறப்பு வில்லையால் மீண்டும் விரிக்கப்படும். 35 மி.மீ. படச்சுருளின் 1000 அடி, நொடிக்கு 24 சட்டகங்கள் என்னும் வேகத்தில் ஏறத்தாழ 11 நிமிடங்களே ஓடும். எனவே அக்காலத்தில் ஒவ்வொரு மறுபதிவும் நேரடிச் செலவாக அமைந்தது. எதை எடுப்பது என்பதைக் காகிதத்திலேயே முடிவுசெய்ய வேண்டியிருந்தது. எண்ணிமப் படக்கருவிகளும் கைபேசிகளும் இத்தடையை நீக்கிவிட்டன. ஆயினும் நடிகர்களின் நாட்களும் இடத்திற்கான அனுமதி நேரமும் இன்றும் வரம்புக்கு உட்பட்டவையே.

இப்படத்தின் வெற்றிக்குப் பின் இக்குழுவினரும் பிற திரைப்படக் கல்லூரி மாணவர்களும் வணிகத் திரையுலகில் வாய்ப்புப் பெற்றனர். உழவன் மகன் (1987), செந்தூரப்பூவே (1988), இணைந்த கைகள் (1990) ஆகியவை ஆபாவாணனின் பங்களிப்புடன் வெளிவந்தவை.

கதைக்கான ஆய்வு

குற்றக் கதைகளில் மாணவர்கள் பொதுவாகத் தவறுவது காவல்துறை, நீதிமன்ற நடைமுறைகளில் ஆகும். முந்தைய படங்களைப் பார்த்து எழுதும்போது அவற்றின் பிழைகளும் சேர்ந்து வந்துவிடுகின்றன. 2024 சூலை 1 முதல் இந்தியத் தண்டனைச் சட்டத்திற்குப் பதிலாக பாரதிய நியாய சன்ஹிதாவும், குற்றவியல் நடைமுறைச் சட்டத்திற்குப் பதிலாக பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவும் நடைமுறைக்கு வந்தன. இதனால் ஏற்பட்ட மாற்றங்களுள் சில:

- கொலைக்கான தண்டனைப் பிரிவு 302 என்பது 103 ஆனது.
- முதல் தகவல் அறிக்கைக்கான பிரிவு 154 என்பது 173 ஆனது.
- ஐயத்திற்குரிய மரணம் குறித்த விசாரணைக்கான பிரிவு 174 என்பது 194 ஆனது.
- ஏழாண்டு அல்லது அதற்கு மேற்பட்ட தண்டனைக்குரிய குற்றங்களில் தடய அறிவியல் வல்லுநர் நிகழ்விடத்திற்கு வர வழிவகை செய்யப்பட்டது.

எனவே கதை எந்த ஆண்டில் நிகழ்கின்றது என்பதை முதலிலேயே முடிவுசெய்வது இன்றியமையாதது. 2024 சூலைக்கு முன் நிகழும் குற்றத்திற்குப் பழைய பிரிவே பொருந்தும். நாளிதழ்ச் செய்திகள், வெளியிடப்பட்ட நீதிமன்றத் தீர்ப்புகள், தடய மருத்துவப் பாடநூல்கள் ஆகியவை பயனுள்ள மூலங்கள். உண்மை வழக்கைத் தழுவும்போது, பாதிக்கப்பட்டோரின் அடையாளம் வெளிப்படாதவாறு ஊர், தொழில், குடும்ப விவரங்களை மாற்ற வேண்டும். பாலியல் குற்றங்களில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது தண்டனைக்குரியது.

தகவல் அட்டவணை

திரைக்கதை எழுதும் முன் ஓர் அட்டவணை உருவாக்குவது வழக்கம். கிடைவரிசையில் காட்சிகளும், நெடுவரிசையில் குற்றவாளி, துப்பறிவாளர், பார்வையாளர் ஆகியோரும் இடம்பெறுவர். ஒவ்வொரு கட்டத்திலும் அக்காட்சி முடியும்போது அவர் அறிந்திருப்பது எழுதப்படும். ஒருவர் தமக்குத் தெரிய வாய்ப்பில்லாத ஒன்றைப் பயன்படுத்தினால் அப்பிழை இங்கேயே புலப்படும். இதனுடன் குற்றம் நிகழ்ந்த உண்மையான வரிசையைக் காட்டும் காலக்கோடு ஒன்றும் தேவை. திரையில் நிகழ்வுகள் முன்பின்னாக வந்தாலும், காலக்கோடு மணி, நிமிடக் கணக்கில் நேராக இருக்க வேண்டும்.

களத்தேர்வு

சென்னையின் மேற்குப் புறநகர்களான அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகியவை பரபரப்புக் கதைகளுக்கு ஏற்ற பல களங்களைக் கொண்டுள்ளன. 1964 இல் தொடங்கப்பட்ட அம்பத்தூர் தொழிற்பேட்டை, கொரட்டூர் ஏரி, சென்னை-அரக்கோணம் புறநகர்த் தொடருந்துப் பாதை, பூந்தமல்லி நெடுஞ்சாலை ஆகியன இவற்றுள் சில. அனுமதி பெறுவதில் பின்வருவன கவனிக்கத்தக்கவை.

- அம்பத்தூர் 2011 இல் சென்னை மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டு அதன் 7 ஆவது மண்டலம் ஆனது. ஆயினும் காவல் எல்லையைப் பொறுத்தவரை 2022 சனவரி 1 இல் தொடங்கப்பட்ட ஆவடி மாநகரக் காவல் ஆணையரகத்தின் கீழ் வருகின்றது. எனவே மாநகராட்சி அனுமதிக்கும் காவல்துறை அனுமதிக்கும் வெவ்வேறு அலுவலகங்களை அணுக வேண்டும்.
- ஆவடி 2019 இல் தனி மாநகராட்சி ஆனது. பூந்தமல்லி நகராட்சியாகும். இவ்விரண்டும் ஆவடிக் காவல் ஆணையரக எல்லைக்குள் அமைந்துள்ளன.
- ஆவடியில் 1961 இல் தொடங்கப்பட்ட கனரக வாகனத் தொழிற்சாலை, போர் வாகன ஆராய்ச்சி நிறுவனம், வான்படை நிலையம் ஆகியன உள்ளன. இவற்றைப் பின்னணியில் கூடப் படம்பிடித்தல் கூடாது. 1923 ஆம் ஆண்டின் அலுவல்முறை இரகசியச் சட்டம் இத்தகைய இடங்களுக்குப் பொருந்தும்.
- வானூர்தி வழிப் படப்பிடிப்பிற்கு 2021 ஆம் ஆண்டின் டிரோன் விதிகள் பொருந்தும். சிவப்பு மண்டலங்களில் நடுவண் அரசின் அனுமதியின்றிப் பறக்கவிடல் ஆகாது.
- நடைமேடைகளிலும் தண்டவாளங்களிலும் படம்பிடிக்கத் தென்னக இரயில்வேயின் முன்அனுமதி தேவை.

களத்தைப் பகலில் ஒரு முறையும், படப்பிடிப்பு நிகழவுள்ள அதே நேரத்தில் மற்றொரு முறையும் பார்ப்பது நன்று. பகலில் அமைதியாகத் தோன்றும் இடம் இரவுப் பணிமுறையின்போது இயந்திர ஒலியால் நிறைந்திருக்கலாம். அக்டோபர் முதல் திசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வெளிப்புறக் காட்சிகளுக்கு மாற்று நாள் ஒதுக்க வேண்டும்.

பாதுகாப்பு

2020 பிப்ரவரி 19 அன்று பூந்தமல்லியை அடுத்த ஈ.வி.பி. படப்பிடிப்புத் தளத்தில் இந்தியன் 2 படப்பிடிப்பின்போது பாரந்தூக்கி சரிந்து விழுந்ததில் மூவர் உயிரிழந்தனர், பலர் காயமுற்றனர். இறந்த மூவரும் திரைக்குப் பின்னால் பணியாற்றியவர்கள். பெரும் செலவில் எடுக்கப்படும் படத்திலேயே இவ்வாறு நேரும்போது, பயிற்சி பெற்ற பணியாளர் இல்லாத மாணவர் குழுவில் இடர் மேலும் மிகுதியாகும்.

மாணவர் படங்களில் பொதுவாகக் கடைப்பிடிக்கப்பட வேண்டியவை:

- ஓடும் வாகனத்தில் தொங்குதல், தண்டவாளத்தில் நிற்றல், ஏரியில் இறங்குதல் முதலிய காட்சிகளைத் திரைக்கதையிலிருந்தே நீக்குதல், அல்லது ஒலியாலும் படத்தொகுப்பாலும் குறிப்பாக உணர்த்துதல்.
- போலித் துப்பாக்கி, கத்தி, குருதிச் சாயம் ஆகியவற்றைப் பொது இடத்தில் பயன்படுத்தும் முன் காவல் நிலையத்திற்கும் அண்டை வீட்டாருக்கும் எழுத்து மூலம் அறிவித்தல்.
- காவலர் சீருடை அணிந்த நடிகர் படப்பிடிப்பு எல்லைக்கு வெளியே அதே உடையில் செல்லாதிருத்தல்.
- காட்சியை எந்நேரமும் நிறுத்தும் உரிமையுடைய ஒருவரைப் பாதுகாப்புப் பொறுப்பாளராக நியமித்தல். இவர் இயக்குநராக இருத்தல் கூடாது. காட்சியை எப்படியும் முடிக்க வேண்டும் என்னும் அழுத்தம் இயக்குநருக்கே மிகுதி.
- இரவுப் படப்பிடிப்பு முடிந்தபின் அனைவரும் வீடு திரும்ப வாகன ஏற்பாட்டைச் செலவுத் திட்டத்திலேயே சேர்த்தல்.

உரிமையும் தணிக்கையும்

இந்தியாவில் எழுத்தாளரின் வாழ்நாளும் அதன்பின் 60 ஆண்டுகளும் பதிப்புரிமை நீடிக்கின்றது. எனவே சிறுகதையைத் தழுவ உரியவரின் ஒப்புதல் தேவை. தமிழ்நாடு அரசால் நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்களுக்கு இத்தடை இல்லை. திரைப்படப் பாடல்களையும் பின்னணி இசையையும் எடுத்தாள்வதைத் தவிர்த்து, சக மாணவரிடம் புதிய இசை பெறுவது எளிது. திரையரங்கில் பொதுமக்களுக்குத் திரையிட 1952 ஆம் ஆண்டின் திரைப்படச் சட்டப்படி சான்றிதழ் வேண்டும். 2023 ஆம் ஆண்டுத் திருத்தம் 'யுஏ' பிரிவை 7, 13, 16 ஆகிய அகவைகளின்படி மூன்றாகப் பிரித்தது. வன்முறையின் அளவை எழுதும்போதே முடிவுசெய்ய இது உதவும்.

அண்மைக்கால முயற்சிகள்

2009 இல் கலைஞர் தொலைக்காட்சியில் தொடங்கிய நாளைய இயக்குனர் நிகழ்ச்சி குறும்பட இயக்குநர்களுக்கு வாயிலாக அமைந்தது. அதில் பங்கேற்ற கார்த்திக் சுப்புராஜின் முதல் முழுநீளப் படமான பீட்சா (2012), பெரும்பகுதி ஒரே வீட்டிற்குள் நிகழ்வது. பொறியியல் படிப்பை இடையில் விட்ட கார்த்திக் நரேன் தம் இருபதுகளின் தொடக்கத்தில் துருவங்கள் பதினாறு (2016) படத்தை இயக்கினார். ஒரே இரவின் நிகழ்வுகளை ஓய்வுபெற்ற காவல் அதிகாரி நினைவுகூர்வதாக அமைந்த இப்படத்தில் பாடல்கள் இல்லை. குறைந்த களங்களும் கறாரான காலக்கோடும் இவ்விரு படங்களுக்கும் பொதுவான கூறுகளாகும்.

இவற்றையும் பார்க்க

- குறும்படம்
- தமிழ்நாடு அரசு எம்.ஜி.ஆர். திரைப்படம் மற்றும் தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனம்
- ஊமை விழிகள்
- திரைக்கதை