சுண்ணாம்புக் குழியும் ஸ்டெம் செல்லும்

திண்டுக்கல் என்றால் வெளியூர்க்காரர்கள் பூட்டு என்பார்கள். இப்போது பிரியாணி என்கிறார்கள். பேகம்பூர்ப் பக்கம் வளர்ந்தவர்களோ முதலில் நாற்றத்தைத்தான் சொல்வார்கள். தோல் ஷாப்பு நாற்றம். பச்சைத் தோல் சுண்ணாம்புக் குழியில் ஊறி உப்பும், மயிர் தளரும். அதை வழித்தெடுத்து, சதை சீவி, ஆவாரம்பட்டைச் சாற்றில் போடுவார்கள். குழிக்குள் நின்று தோலைப் புரட்டியவர்களின் கைகால்களைச் சுண்ணாம்பு தின்றது. டி. செல்வராஜ் 'தோல்' நாவலில் எழுதியது அவர்களைப் பற்றித்தான். 2012-இல் அதற்குச் சாகித்ய அகாதெமி விருது கிடைத்தது.

அந்தக் குழி செய்த வேலைதான் என்ன? மயிரையும் வேண்டாத புரதங்களையும் கழித்துவிட்டு, கொலாஜன் என்ற ஒரே புரதத்தை நிறுத்தியது. பட்டையின் துவர்ப்பு அதன் இழைகளைப் பற்றிக்கொள்ள, அழுகிப்போக வேண்டியது செருப்பாயிற்று. குழியில் நின்றவருக்கு அந்தப் பெயர் தெரியாது. ஆனால் விரலால் அழுத்தியதுமே, "இன்னும் ஒரு நாள் ஊறணும்" என்று சொல்லிவிடுவார்.

கொலாஜனின் வடிவம் துலங்கியதும் நம் மாநிலத்தில்தான். 1952-இல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைக்கு வந்தார் ஜி.என். ராமச்சந்திரன். கங்காரு வால் தசைநாரில் எக்ஸ் கதிர் பாய்ச்சி எடுத்த படத்தை வைத்து, அவரும் கோபிநாத் கர்த்தாவும் 1954-55-இல் சொன்னார்கள்: இது மூன்று புரி முறுக்கிய கயிறு. ஒரு புரதத்தைத் தனியே பிரித்து அதன் உருவத்தைக் கண்டால் போதும் என்றிருந்த காலம் அது.

இன்று கேள்வியே வேறு. இந்தப் புரதம் யாரோடு ஒட்டுகிறது, யாரைத் தடுக்கிறது? 2006-இல் அமெரிக்காவில் ஆடம் எங்ளரும் டென்னிஸ் டிஷரும், இப்போது மும்பை ஐ.ஐ.டி.யில் இருக்கும் ஷாமிக் சென்னும் சேர்ந்து ஒரு சோதனை செய்தார்கள். என்ன செல்லாக ஆவது என்று இன்னும் முடிவாகாத எலும்பு மஜ்ஜை ஸ்டெம் செல்களைக் கொலாஜன் பூசிய ஜெல்லில் வளர்த்தார்கள். ஜெல் மூளை அளவுக்கு மெத்தென்றிருந்தால் செல் நரம்பின் சாயலுக்குப் போனது. தசை அளவு இறுக்கத்தில் தசையின் சாயல். இன்னும் கெட்டியானால் எலும்பு. பூசிய புரதம் எல்லாவற்றிலும் ஒன்றேதான். செல் தன் மேற்புற இன்டெக்ரின் புரதங்களால் கொலாஜனைப் பிடித்து இழுத்துப் பார்க்கிறது. தரை கெட்டி என்றால் அந்தச் சேதி கைமாறிக் கைமாறி உள்ளே போய், யாப் என்ற புரதம் உட்கருவுக்குள் நுழைகிறது. தோலை அழுத்திப் பார்த்த விரல் எனக்கு ஞாபகம் வருவது இங்கேதான்.

இந்தக் கைமாற்றலைத்தான் கணினியில் வலையாக வரைகிறார்கள்: புரதம் ஒரு புள்ளி, உறவு ஒரு கோடு. ரத்த ஸ்டெம் செல்லில் காட்டா-1, பியூ.1 என்று இரண்டு புரதங்கள் ஒன்றையொன்று அமுக்கப் பார்க்கும். முன்னது வென்றால் சிவப்பணு வழி, பின்னது வென்றால் வெள்ளையணு வழி. 2007-இல் சூயி ஹுவாங் குழு இதற்குச் சமன்பாடு எழுதிப் பார்த்தபோது, இரண்டும் இழுபறியில் நிற்கும் மூன்றாவது நிலையும் அதிலேயே வந்தது. முடிவெடுக்காத ஸ்டெம் செல் அதுதான். இரண்டே புரதத்துக்கு இது சரி. நூற்றுக்கணக்கில் போனால் யார் யாரைத் தொடுகிறார்கள் என்று கோடு போட்டுவிடலாம். எவ்வளவு இறுக்கமாக, எத்தனை நேரம் என்ற எண்கள்தான் பெரும்பாலும் கைக்குச் சிக்குவதில்லை. ஒரு நாள் ஊறணுமா, இரண்டு நாளா என்ற அதே கேள்வி.

குழியின் கதைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. 1996-இல் உச்ச நீதிமன்றம், நிலத்தையும் நீரையும் கெடுத்ததற்காக, திண்டுக்கல் உட்பட ஐந்து மாவட்டத் தோல் ஆலைகள் ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் போட்டது. சோதனைக்கூடத்துக்கு வரும் கொலாஜனும் ஆகாயத்திலிருந்து வருவதில்லை. எலி வாலிலிருந்து எடுக்கிறார்கள். மாட்டுத் தோலிலிருந்தும் எடுக்கிறார்கள். அமிலத்தில் கரைத்த தெளிந்த திரவம், குளிர்பெட்டியில் விரல் நீளக் குப்பிக்குள் இருக்கிறது. மூடியைத் திறந்தால் நாற்றமே இல்லை.