கொடைக்கானல் ஏற்றத்தில் எந்த கியர் கைகொடுக்கும்?

ஏற்றம் தொடங்கும் வத்தலக்குண்டு கடல்மட்டத்திலிருந்து சுமார் 320 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர். ஆங்கிலேய அதிகாரி மேஜர் லா 1870-களில் தடம் வகுத்த மலைச்சாலை, இந்த உயரத்தை ஐம்பது சொச்சம் கிலோமீட்டருக்கு வளைத்து வளைத்து ஏறுகிறது. சைக்கிளோடு சேர்த்து 80 கிலோ எடையுள்ள ஒருவர் 4 மணி நேரத்தில் ஏறினால், உடலையும் வண்டியையும் மேலே தூக்க மட்டுமே சராசரியாக 100 வாட் வரை செலவாகும்.

நூறு மீட்டருக்கு 4 மீட்டர் எழும் சாலையில் அந்த 100 வாட், மணிக்கு 11 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான வேகம் தரும். முன்னால் 44 பல், பின்னால் 18 பல் உள்ள சாதா சைக்கிளில் இதற்குக் கால்கள் நிமிடத்துக்கு 35 சுற்றுதான் சுற்றும். ஒவ்வொரு மிதியும் முழங்காலைப் பதம் பார்த்துவிடும். முன்னும் பின்னும் 34 பல் உள்ள கியர் சைக்கிளில் அதே வேகத்துக்கு ஏறக்குறைய 90 சுற்று. மிதி லேசாகிவிடும்.

செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து அடுத்ததற்கு எப்படித் தள்ளுவது என்பதில்தான் இரண்டு வழிகள். பழையது ஃப்ரிக்ஷன்: லீவரை இழுத்தால், உராய்வின் பிடியில் விட்ட இடத்திலேயே நிற்கும். எவ்வளவு இழுப்பது என்பதைக் கையும் காதும் தீர்மானிக்க வேண்டும். செயின் 'கரகர'வென்றால் இன்னும் இம்மி நகர்த்த வேண்டும். மற்றது இண்டெக்ஸ். 1984-இல் ஷிமானோ நிறுவனம் தன் உயர்ரக டியூரா-ஏஸ் வரிசையில் இதைக் கொண்டுவந்து வெற்றி கண்டது. லீவர் 'க்ளிக்' என்றால் ஒரு கியர் மாறிவிட்டது. காது கொடுக்க வேண்டியதில்லை.

அந்த வசதிக்குப் பின்னால் ஒரு கறாரான கணக்கு இருக்கிறது. ஷிமானோவின் 8 கியர் ரோடு சைக்கிளில் ஒரு க்ளிக் கேபிளை 2.8 மி.மீ. இழுக்கும்; செயினைத் தள்ளும் டீரெய்லர் அதை 1.7 மடங்காக்கி, செயினை 4.8 மி.மீ. நகர்த்தும். கேபிள் அரை மில்லிமீட்டர் தளர்ந்தாலே செயின் கிட்டத்தட்ட 0.85 மி.மீ. தள்ளி நிற்கும். 11 கியர் ரோடு சைக்கிளில் பல்சக்கரங்களின் இடைவெளியே சுமார் 3.7 மி.மீ.தான். அங்கே சிறு பிழையும் பெரிய தொல்லை.

மழையும் மண்ணும் கேபிள் உறைக்குள் புகுந்துவிட்டால் டீரெய்லரின் ஸ்பிரிங்கால் கேபிளை முழுதாக இழுக்க முடியாது. க்ளிக் சரியாகவே கேட்கும், கியர் மட்டும் விழாது. சைக்கிள் கீழே சாய்ந்து, டீரெய்லரைத் தாங்கும் ஹேங்கர் லேசாக வளைந்தாலும் இதே கதைதான். ஃப்ரிக்ஷனில் இவற்றையெல்லாம் ஓட்டுபவரே லீவரைக் கூடுதலாக நகர்த்திச் சரிக்கட்டலாம். ஊத்து, பெருமாள்மலை என்று போகும் பாதையில் கியர் பழுது பார்க்கக் கடை தேடி அலைய நேர்ந்தால் இதன் அருமை தெரியும்.

ஆனால் செங்குத்தான வளைவில் எழுந்து நின்று மிதிக்கும்போது கைப்பிடியிலிருந்து கையை எடுத்து, சட்டகக் குழாயில் உள்ள ஃப்ரிக்ஷன் லீவரைத் தேடுவது ஆபத்து. கைப்பிடியிலேயே பிரேக்கோடு சேர்ந்து வரும் இண்டெக்ஸ் லீவர் அங்கே பாதுகாப்பானது. மாற்றத்தை எளிதாக்க ஷிமானோ பல்சக்கரங்களில் சரிவுகள் வெட்டத் தொடங்கியதும் இண்டெக்ஸ் காலத்தில்தான். அந்தச் சரிவுகள் ஃப்ரிக்ஷன் லீவருக்கும் உதவுகின்றன.

கைப்பிடியில் கட்டைவிரலால் தள்ளும் லீவர்கள் சிலவற்றில் இரண்டு முறையும் உண்டு. திருகைத் திருப்பினால் இண்டெக்ஸ் ஃப்ரிக்ஷனாகிவிடும். ஏழு, எட்டு பல்சக்கரத்தோடு மலையேறுபவருக்கு இதுவே சிறந்த தேர்வு. பத்து, பதினொன்று என்று நெருங்கினால் இண்டெக்ஸ்தான் சரி. அப்போது புறப்படும் முன் புது கேபிளும் உறையும் மாற்றி, வத்தலக்குண்டிலேயே எல்லா கியரையும் ஒருமுறை போட்டுப் பார்த்துவிட வேண்டும்.