கைகளின் கணக்கு – 9: மெல்லச் செய்தால் கூலி குறையும்

சாத்தூர், வெம்பக்கோட்டை பக்கத்துக் கிராமங்களில் விடிந்ததும் 'பயர் ஆபீஸ்' என்கிற பட்டாசு ஆலையின் வண்டி வந்து நிற்கும். ஏறுகிறவர்களில் பெண்கள் ஏராளம். மழையை நம்பிய கரிசல் காட்டில் ஆண்டு முழுக்கப் பிழைப்புக்கு வழியில்லை. ஆலை வேலை என்றால் ஊர் வாசலில் வண்டி, வாரக் கூலி, தீபாவளி போனஸ், அவசரத்துக்கு முன்பணம். வேலை பிடித்திருக்கிறதா என்று இவர்களிடம் ஒரு படிவத்தை நீட்டினால், 'ஆமாம்' என்ற கட்டத்தில்தான் பலரும் குறியிடுவார்கள் என்று நினைக்கிறேன். ஆனால், மகள் கல்யாணத்துக்கு வாங்கிய முன்பணம் கழியும்வரை வேறு ஆலைக்கு மாற முடியாதவர் சொல்லும் ஆமாமை, மனநிறைவு என்று எழுதிக்கொள்ள எனக்குக் கை வரவில்லை.

அப்படி அவர்கள் செய்யும் வேலைதான் என்ன? பட்டாசுக்குள் வெடிமருந்து செலுத்தும் அறையைப் பார்ப்போம். சிறிய அறை. கதவுகள் வெளிப்பக்கமாகத்தான் திறக்க வேண்டும். நான்கு பேருக்கு மேல் உள்ளே இருக்கக் கூடாது. தரையில் ரப்பர் விரிப்பு. உடம்பில் சேரும் நிலைமின்சாரம் இறங்குவதற்காகச் செப்புத் தகட்டைத் தொட்டுவிட்டு நுழைய வேண்டும். நைலான் துணி ஆகாது, பருத்திதான். நெருக்கி அடுக்கிய காகிதக் குழாய்களுக்குள் அலுமினியத் தூளும் கந்தகமும் வெடியுப்பும் கலந்த சாம்பல் நிற மருந்து இறங்க வேண்டும். அதிராமல், தேய்க்காமல், சிந்தாமல் இறக்குவதில்தான் இந்த வேலையின் தேர்ச்சி முழுவதும் இருக்கிறது. சிந்திய தூளின் மேல் ஒரு பாத்திரத்தை இழுத்தாலே போதும், உராய்வில் தீப்பிடிக்கும். கலந்த மருந்தை அன்றைக்கே தீர்த்துவிடவும் வேண்டும். மிச்சம் வைத்தால் ஈரத்தோடு அலுமினியம் வினைபுரிந்து தானாகச் சூடேறும்.

இப்படிப்பட்ட வேலைக்குப் பல ஆலைகளில் கூலி எண்ணிக்கைக் கணக்கில்தான். எவ்வளவு முடித்தாரோ அவ்வளவுக்குப் பணம். மெல்லச் செய் என்று சுவரில் எழுதிவிட்டு, வேகமாகச் செய்தால் காசு என்று கையில் கொடுக்கிறோம். விபத்து நடந்ததும் 'தொழிலாளியின் கவனக்குறைவு' என்கிறார்கள். அந்த அவசரத்தை விலை கொடுத்து வாங்கியது யார் என்று யாரும் கேட்பதில்லை.

சிவகாசியின் தீப்பெட்டி, பட்டாசுத் தொழில் இப்படித் தொடங்கவில்லை. 1922-ல் கல்கத்தா போன அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழிலைத் தாங்களே கற்றுத் திரும்பியவர்கள். முதலாளிக்கும் பட்டறைக்கும் அன்று தூரம் இல்லை. இன்று பல இடங்களில் உரிமம் ஒருவர் பெயரில், ஆலை குத்தகைக்காரர் கையில், அறைகள் உள்குத்தகையில். அறையை எடுத்தவர் போட்ட காசைப் பருவத்துக்குள் எடுக்கப் பார்ப்பார். நான்கு பேர் அறையில் ஆறு பேர் உட்கார்வதும் மரத்தடியில் வேலை நடப்பதும் அங்கிருந்து வருபவைதான். 2012 செப்டம்பர் 5-ல் முதலிப்பட்டி பட்டாசு ஆலை விபத்தில் சுமார் 40 பேர் இறந்தார்கள். 2021 பிப்ரவரி 12-ல் அச்சங்குளத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர். இரண்டு இடத்திலும் உள்குத்தகை பற்றிய பேச்சு எழுந்தது.

குட்டி ஜப்பான் என்று சிவகாசியைக் கொண்டாடுகிறோம். ஜப்பானின் டொயோட்டா ஆலையில் வேலைவரிசையின் ஓரமாக நெடுங்காலம் ஒரு கயிறு ஓடியது. கோளாறு கண்ட தொழிலாளி அதை இழுக்கலாம். மேற்பார்வையாளர் வந்து சரிசெய்ய முடியாவிட்டால் வரிசையே நிற்கும். இழுத்தவருக்கு அன்றைய சம்பளம் குறையாது. கயிற்றுக்கு உயிர் கொடுத்தது இந்தச் சம்பள உறுதிதான். ஆனால், கர்நாடகத்தின் பிடதியில் உள்ள அதே குழுமத்தின் ஆலையில் 2014-லும் 2020-லும் தகராறு கதவடைப்பு வரை போனது. முறையை இறக்குமதி செய்யலாம். நம்பிக்கையை அந்தந்த ஊரில்தான் வளர்க்க வேண்டியிருக்கிறது. ஸ்வீடனில் தொழிலாளர்களின் பாதுகாப்புப் பிரதிநிதி, உயிராபத்து என்று கண்டால் வேலையை நிறுத்திவைக்கச் சட்டமே இடம் தருகிறது. போபால் விஷவாயு விபத்துக்குப் பிறகு, 1987-ல், நம் தொழிற்சாலைகள் சட்டத்தில் 41-எச் பிரிவைச் சேர்த்தார்கள். ஆபத்து நெருங்குகிறது என்று எச்சரிக்கும் உரிமையை அது தந்தது. எச்சரித்தவருக்கு அன்றைய கூலி கிடைக்குமா என்பதை அது தொடவில்லை.

நான் கேட்பது ஒன்றுதான். மருந்து கலக்கும் அறை, செலுத்தும் அறை, மருந்து காயும் களம் ஆகிய இடங்களில் எண்ணிக்கைக் கூலியை ஒழித்து, கண்ணியமான நாள்கூலி கொடுக்க வேண்டும். வெயில் ஏறி வேலையை நிறுத்தினாலும், கலவை சரியில்லை என்று ஒரு பெண் எழுந்து வெளியே வந்தாலும் அந்தக் கூலி குறையக் கூடாது. குழாய் சுற்றுவது, பெட்டி ஒட்டுவது போன்ற மருந்து படாத வேலைகளுக்கு எண்ணிக்கைக் கணக்கு இருந்துவிட்டுப் போகட்டும்.

செலவு கட்டாது, தொழில் படுத்துவிடும் என்பார்கள். குழந்தைகளை வேலையிலிருந்து எடுக்கச் சொன்னபோதும் இதே பேச்சுத்தான். எம்.சி. மேத்தா தொடுத்த குழந்தைத் தொழிலாளர் வழக்கில் 1996 டிசம்பர் 10-ல் தீர்ப்பு வந்தது. அமர்த்திய ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். அதன்பின் ஆலைகளிலிருந்து குழந்தைகள் பெருமளவு விலகினார்கள். நாட்டின் பட்டாசில் பெரும்பகுதி இன்றும் விருதுநகர் மாவட்டத்திலிருந்துதான் போகிறது.

பேரியம் நைட்ரேட்டையும் சரவெடியையும் தடுத்த 2018-ஆம் ஆண்டுத் தீர்ப்பு பட்டாசுத் தொழிலாளர்களின் வேலைநாள்களை என்ன செய்தது என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)